மூன்று போத்தல் தேன்: எந்தச் சோதனையை நம்புவது?

பால்மரத்து மகள் (பாடாங் செராய், கெடா):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்களை அலமாரியில் இப்போது மூன்று போத்தல் தேன் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வழியில் வந்தவை. மூன்றைப் பற்றியும் வீட்டில் ஓயாத வாக்குவாதம். தேனை முறையாகப் பரிசோதித்துப் பழகியவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

முதல் போத்தல் என் சித்தப்பா கொடுத்தது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இன்னும் வெட்டாமல் விட்டிருக்கும் பால்மரங்களின் (ரப்பர் மரங்களின்) ஓரத்தில் ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். மார்ச் மாதக் கடைசியில் கொடுத்தபோது வெளிறிய மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருந்த தேன், இரண்டே மாதத்தில் அடியிலிருந்து வெள்ளையாக உறைந்துவிட்டது. மேலே ஒரு விரற்கடை அளவுக்குத்தான் இளகி நிற்கிறது. கரண்டியால் தோண்டினால் உறைந்த நெய்யைப் போல வழித்துக்கொண்டு வருகிறது, நாக்கில் வைத்தால் நறநறவென்று கரைகிறது. சீனிப் பாகு காய்ச்சி ஊற்றியிருக்கிறார் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். அந்தச் சொல் எப்படியோ சித்தப்பாவின் காதுக்குப் போய், அவர் எங்கள் வீட்டுப் படி ஏறி ஒரு மாதமாகிறது.

இரண்டாவது, பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு மலாய்க்காரப் பெரியவர் மரத்துண்டுகளில் வளர்க்கும் கெலுலுட் என்ற கொடுக்கில்லாத் தேனீயின் தேன்; நம்மவர்கள் கொசுத்தேன் என்பார்களே, அதுதான். கூட்டின் மூடியைத் திறந்து, கருத்த சிறு குடங்களைக் குத்தி, பம்பு வைத்து அவர் உறிஞ்சி எடுத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர்போல ஓடுகிறது, புளிக்கிறது, மூடியைத் திறந்தால் நுரைக்கிறது. மூன்றாவது, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் என் கணவர் 85 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்த 'துவாலாங் காட்டுத் தேன்'; துவாலாங் என்பது மலைத்தேனீ கூடு கட்டும் காட்டு மரம். நல்ல கருஞ்சிவப்பு, நல்ல கெட்டி.

மாமியாரும் நானும் மூன்றையும் வைத்துத் தெரிந்த சோதனையெல்லாம் செய்து பார்த்தோம். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டோம். தீக்குச்சியை முக்கி உரசினோம். மெல்லிய காகிதத்தில் சொட்டு விட்டோம். தட்டில் தேனுக்கு மேல் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, தேனடைக் கட்டம் தோன்றுகிறதா என்றும் பார்த்தோம். பாசார் மாலாம் தேன் எல்லாவற்றிலும் தேறியது. கண்ணெதிரே கூட்டிலிருந்து எடுத்த கெலுலுட் ஒன்றில்கூடத் தேறவில்லை. இங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது.

அவசரமும் உண்டு. என் நாத்தனாருக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை பிறந்ததும் சேனை வைப்பதற்கு என்று 'தேறிய' போத்தலை மாமியார் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். வேறொரு பயமும் எனக்கு இருக்கிறது. என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். அந்த மருந்து அவருடைய கையை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவள் நான். தோட்டம் முழுக்க மருந்து அடிக்கும் ஊரில் எடுக்கிற தேனில் அது சேராதா?

ஓய்வு பெற்ற தாதி (சுங்கை பட்டாணி):

மற்றவர்கள் தேனைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு சேனையைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எந்தப் போத்தல் நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது. சித்தப்பாவின் தேனும் கூடாது, மலையிலிருந்து நேரே இறக்கிய தேனும் கூடாது, ஒரு சொட்டும் கூடாது.

காரணம் கலப்படம் அன்று. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் மிகத் தூய தேனிலும் இருக்கக் கூடும். நம் வயிற்றுக்குள் போனால் அவை முளைக்க வழியில்லாமல் வெளியேறிவிடும். பச்சிளங்குழந்தையின் குடலில் அவற்றைத் தடுக்கும் நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறியிருக்காது என்பதால், அங்கே அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. முதலில் மலம் இறுகும். பிறகு அழுகைச் சத்தம் மெலியும், பால் உறிஞ்சும் வலு குறையும், இமை தொங்கும், கழுத்தும் கைகால்களும் துவண்டுபோகும், மூச்சும் தடைப்படலாம். இந்த நோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்டதே 1976-இல்தான். ஆகவே நம் பாட்டிமார்கள் அறியாமல் செய்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தேனைக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். அந்த வித்துகளைக் கொல்ல அழுத்தத்தோடு கூடிய 121 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அடுப்பில் கொதிக்க வைப்பதால் அவை சாவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கரண்டித் தேனைச் சோதித்து 'வித்து இல்லை' என்று எழுதி வாங்கினாலும், அடுத்த கரண்டியில் இருக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. உங்கள் மாமியாரிடம் பெரியவர் ஒருவர் கையாலேயே தாய்ப்பாலில் ஒரு சொட்டு எடுத்து நாவில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். நான் வேலை செய்த வார்டில் பல குடும்பங்கள் இப்படிச் செய்தன. சடங்கும் நின்றது, குழந்தைக்கும் கேடில்லை. பிரசவித்த தாய் தேன் சாப்பிடுவதில் தடையில்லை.

ஆய்வுக்கூடத்துப் பழையவர் (பினாங்கு):

தாதி அம்மா சொன்னதே முதல் விடை. நான் உணவுப் பரிசோதனைக் கூடமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், மற்றக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

சகோதரி, நீங்கள் செய்த நான்கு சோதனைகளும் உண்மையில் ஒரே சோதனைதான். நான்கும் கேட்பது 'இது எவ்வளவு கெட்டி, இதில் எவ்வளவு நீர்' என்பதை மட்டுமே. தண்ணீரில் கரையாமல் அடியில் போய் உட்காருவதும், தீக்குச்சி நனையாமல் பற்றிக்கொள்வதும், காகிதத்தில் ஊறாமல் நிற்பதும் நீர் குறைவாக இருப்பதால் நிகழ்பவை. தட்டில் தோன்றும் கட்டம் தேனீயின் நினைவு என்று காணொலிகளில் சொல்கிறார்கள். கெட்டியான எந்தப் பாகின்மீது தண்ணீரைச் சுழற்றினாலும் அது தோன்றும். அரிசி மாவிலிருந்தோ மரவள்ளி மாவிலிருந்தோ எடுக்கும் சர்க்கரைப் பாகை, அதில் சர்க்கரை 80 விழுக்காடு ஆகும்வரை சுண்ட வைத்தால் நான்கிலும் தேறிவிடும். இயற்கையிலேயே நீர்த்த கெலுலுட் நான்கிலும் தோற்றுவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே 'இது சுத்தமா' என்று கேட்பதற்கு முன்பு 'இது எந்தத் தேனீ எடுத்தது, எந்தச் செடியில் எடுத்தது' என்று கேட்க வேண்டும். ஒரு தேனைக் குற்றவாளியாக்கும் அதே எண் இன்னொரு தேனுக்கு நற்சான்றாக இருக்கும். உலக அளவில் பின்பற்றப்படும் கோடெக்ஸ் தரத்தின்படி, பூந்தேனில் நீர் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பிரக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்து 100 கிராமுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. சுக்ரோஸ் 5 கிராமைத் தாண்டக் கூடாது. இந்தத் தராசில் கெலுலுட்டை வைத்தால் அது தேனே இல்லை என்று தீர்ப்பாகிவிடும். அதனால்தான் மலேசியா அதற்கென்றே 2017-இல் எம்.எஸ். 2683 என்ற தனித் தரத்தை வகுத்தது. அதில் நீர் 35 விழுக்காடு வரை ஏற்கப்படுகிறது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 2.5-க்கும் 3.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். நீங்கள் குறையென்று எண்ணிய புளிப்பும் நீர்ப்பதமும் அந்தத் தேனின் இலக்கணமே.

இன்னொரு செய்தியும் உண்டு. கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைந்திருப்பதை 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள்; அவர்கள் சோதித்தவற்றில் மலேசியக் கெலுலுட் தேனும் இருந்தது. அதற்கு முன்பு பல அறிக்கைகளில் மால்டோஸ் என்று எழுதப்பட்டது உண்மையில் இதுவே. மால்டோஸ் கூடினால் மாவுப்பாகு கலந்துவிட்டார்கள் என்று ஐயுறுவது சோதனையாளர் வழக்கம். சரியாகப் பிரித்தறியாத கருவியால் எத்தனை நேர்மையான வளர்ப்பாளர்கள் பழி சுமந்திருப்பார்களோ என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் டிரெஹாலுலோஸ் இருந்துவிட்டால் மட்டும் பூவிலிருந்து வந்த தேன் என்றும் ஆகிவிடாது. அந்தத் தேனீ சுக்ரோஸிலிருந்தே அதை உண்டாக்குகிறது. ஆகவே சீனிக் கரைசலை ஊட்டி வளர்த்தாலும் அது வரும்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு வருகிறேன். கரும்பும் சோளமும் காற்றிலுள்ள கரியை வாங்கும் வழி வேறு. தேனீ நாடும் பெரும்பாலான செடிகளின் வழி வேறு. அந்த வேறுபாடு சர்க்கரையிலுள்ள கரிம ஓரிடத்தான்களின் (ஐசோடோப்புகளின்) விகிதத்தில் பதிந்துவிடுகிறது. தேனையும் அதே தேனிலிருந்து பிரித்த புரதத்தையும் ஒப்பிட்டு, கரும்பு அல்லது சோளச் சர்க்கரையின் அளவு 7 விழுக்காட்டை எட்டினால் கலப்படம் என்று முடிவு செய்கிறார்கள். அரிசிப் பாகும் பீட்ரூட் சர்க்கரையும் தேனீயின் செடிகளைப் போன்ற வழியையே கொண்டவை. ஆதலால் இந்த வலையில் அவை அகப்படுவதில்லை. அவற்றைப் பிடிக்க அணுக்காந்த ஒத்ததிர்வு போன்ற, செலவு மிகுந்த முறைகள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 மாதிரிகளில் 46 விழுக்காடு ஐயத்துக்குரியவையாக இருந்தன. அந்நாடுகளுக்கே இந்த நிலை என்றால், ஒரு தீக்குச்சியிடம் நாம் எதிர்பார்ப்பது மிக அதிகம்.

எந்தச் செடியின் தேன் என்று அறிய மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். பொதுவாக ஒரே செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பெயரில் அழைக்கலாம். சித்தப்பாவின் தேனைப் பால்மரத் தேன் என்று நிறுவ இந்தச் சோதனையே போதும்.

பெட்டித் தேனீ (பாலிங்):

ஐயா சொன்னவற்றில் கடைசி வரியை மட்டும் நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பால்மரத்தடியில் பெட்டி வைத்திருக்கிறேன். பால்மரத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலையுதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கடுகளவுச் சுரப்பிகள் தெரியும்; காலை வெயில் ஏறும்போது அவற்றில் தேன் பொட்டுப் பொட்டாக மின்னும். தேனீ பூவுக்குள் நுழையாமலே அங்கிருந்து நக்கிக்கொண்டு போய்விடும். எனவே அந்தத் தேனில் பால்மர மகரந்தம் இருப்பது மிகக் குறைவு. வேலியோரத்துப் புல்லின் மகரந்தமும் தென்னையின் மகரந்தமும்தான் நிறைய இருக்கும். மகரந்தத்தை மட்டும் எண்ணினால் என் தேன் எப்போதும் தென்னந்தேன் என்றே சொல்லும்.

ஜொகூர்ப் பக்கத்து அகாசியா தேனுக்கும் இதே நிலைதான். அங்கே நிற்கும் அகாசியா மாஞ்சியம் இலைக்காம்பின் அடியில் தேன் சுரக்கும் மரம். ஐரோப்பாவிலிருந்து அகாசியா என்ற பெயரில் வரும் வெளிறிய தேன் ரொபினியா என்ற வேறொரு மரத்தின் பூவில் எடுத்தது. பெயர் ஒன்று என்பதால் அந்தத் தேனின் நிறத்தையும் உறையாத தன்மையையும் நம் கருந்தேனிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர்.

உறைந்துபோனது பற்றிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. பால்மரத் தேன் உறையாவிட்டால்தான் நான் ஐயப்படுவேன். குளுக்கோஸ் மிகுந்து நீர் குறைந்த தேன் விரைவில் மணல்கட்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றது. அதுவும் பெரும்பாலும் பால்மரத்துத் தேன்தான், அதுவும் உறையும். உங்கள் சித்தப்பா செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார்.

ஆனால் மேலே இளகி நிற்கும் அந்த ஒரு விரற்கடையை அப்படியே விடாதீர்கள். குளுக்கோஸ் உறையும்போது தன்னோடு இழுத்துக்கொள்ளும் நீர் குறைவு. மிச்ச நீரெல்லாம் மேலே இருக்கும் பகுதியில் சேர்ந்துவிடும். புளிப்பு அங்கேதான் தொடங்கும். மூடியை இறுக்கிப் போத்தலோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, முழுவதும் இளகியதும் ஒரு முறை கலக்கிவிடுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். தேனைச் சூடாக்கினால் நஞ்சாகும் என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. நஞ்சாகாது; கொதிக்க வைத்தால் தரம்தான் கெடும்.

நீர்ப்பதம் பார்க்கக் கையடக்க ஒளிவிலகல்மானி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பலர் தவறாகப் பயன்படுத்துவதால் இரண்டு குறிப்புகளைச் சொல்கிறேன். அது 20 பாகை வெப்பத்துக்கு அளவு செய்யப்பட்டது. வெப்பத்தைத் தானாகச் சரிசெய்யாத கருவியாக இருந்தால், நம் ஊர் 30 பாகையில் பார்க்கும்போது உண்மையைவிட ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடுதலாக நீர் காட்டும். உறைந்த தேனின் மணல் ஒன்றிரண்டு கண்ணாடியில் பட்டாலும் கோடு மங்கிவிடும், ஆகவே முழுவதும் இளக்கிய பிறகே சொட்டு வைக்க வேண்டும். கெலுலுட்டை இதில் வைக்காதீர்கள். வழக்கமான கருவி 27 விழுக்காட்டோடு நின்றுவிடுவதால் கோடு அளவுகோலை விட்டே வெளியே போய்விடும். கூலிம் பக்கம் வாரம் ஒருமுறை வருகிறேன், கொண்டுவந்து பார்த்துக் கொடுக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துப் பழையவர் (பினாங்கு):

பாலிங் அன்பரின் திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். இலைச் சுரப்பித் தேனுக்கு மகரந்தக் கணக்கு பொருந்தாது. நான் பூந்தேன் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அங்கே நிறம், மின்கடத்தும் அளவு, சர்க்கரைகளின் விகிதம், மணமூட்டும் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

சூட்டைப் பற்றி அவர் சொன்னதற்கு எண்களைத் தருகிறேன். தேன் வெப்பம் பட்டாலும் நெடுநாள் இருந்தாலும் அதிலுள்ள பிரக்டோஸ் சிதைந்து எச்.எம்.எஃப். என்ற பொருளாக மாறும். கோடெக்ஸ் இதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றும், வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 என்றும் எல்லை வைத்திருக்கிறது. கெலுலுட்டுக்கு மலேசியத் தரம் 30. புதுத் தேனில் இது 30 மில்லிகிராமை எட்ட, 30 பாகையில் 100 முதல் 300 நாள் ஆகும். 40 பாகையில் 20 முதல் 50 நாள். 50 பாகையில் ஏறத்தாழ 5 முதல் 9 நாள். 70 பாகையில் சில மணி நேரமே போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் வைப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது என்பது இதிலிருந்து விளங்கும். மாறாக, வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும் தேன் தூயதாகவே இருந்தாலும் தரம் இழந்துவிடும்.

பால்மரத்து மகள் (பாடாங் செராய்):

பாலிங் ஐயா நேற்று வந்து பார்த்துக் கொடுத்தார், மிக்க நன்றி. வெப்பத்துக்கான கழிவு போக, சித்தப்பாவின் தேன் 21 விழுக்காடும் பாசார் மாலாம் தேன் 18 விழுக்காடும் காட்டின. மாமியார் மறுபடியும், பார்த்தாயா, அதுதான் நல்லது என்கிறார். தாதி அம்மா எழுதியதை வாசித்துக் காட்டியபோது மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு போத்தலைச் சேனைக்கான தட்டிலிருந்து எடுத்து அவரே அலமாரியில் திருப்பி வைத்தார்.

பாசார் மாலாம் போத்தலின் சீட்டை இப்போதுதான் நன்றாகப் படித்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, நாள் இல்லை. 'ஆண்களுக்கு வலிமை, உடனடிப் பலன்' என்று மலாயில் போட்டிருக்கிறது. என் மாமனார் தினமும் காலையில் இதில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்கிறார். அவர் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர்.

ஆய்வுக்கூடத்துப் பழையவர் (பினாங்கு):

சகோதரி, இதை வாசித்ததும் அந்தப் போத்தலை உங்கள் மாமனாரிடமிருந்து எடுத்துவிடுங்கள். 18 விழுக்காடு என்ற எண் அதில் நீர் குறைவு என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. துவாலாங் மரத்தில் கூடு கட்டுவது மலைத்தேனீ. நம் மழைக்காட்டில் அது எடுக்கும் தேனில் நீர் 20 விழுக்காட்டைத் தாண்டுவதே வழக்கம். அந்தக் கெட்டித்தன்மை இயந்திரத்தால் நீர் போக்கியதால் வந்திருக்கலாம், பாகாகவும் இருக்கலாம். முகவரியற்ற போத்தலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

என் அச்சம் அதைப் பற்றியது அன்று. ஆண்களுக்கு வலிமை தரும் என்று விற்கப்படும் தேன் பொருள்களில் சில்டெனாபில், தடலாபில் ஆகிய ஆண்மைக் குறைவு மருந்துகளைச் சொல்லாமல் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் இதற்காக நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அந்த மருந்துகள் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் போத்தலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று தெரியும்வரை அவர் அதைத் தொடக் கூடாது. மருந்துக் குணம் உண்டு என்று சொல்லி விற்கும் பொருளுக்கு நம் நாட்டில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லையென்றால் போத்தலோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மாமனாரின் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தோட்ட மருந்து பற்றிய உங்கள் முதல் கேள்வி நியாயமானது. பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பூத்து நிற்கும் களையின்மீது அடித்தால் தேனீ அதைச் சுமந்து வரக் கூடும். ஆய்வுக்கூடத்தில் 'மருந்து இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால், அவர்கள் பல எச்சங்களை ஒன்றாகப் பார்க்கும் வழக்கமான சோதனையைச் செய்வார்கள். கிளைபோசேட், குளுபோசினேட் என்ற களைக்கொல்லிகள் அந்தச் சோதனையில் சிக்குவதில்லை, தனிமுறை வேண்டும். ஆகவே சுற்றிலும் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இந்தத் தகவலை உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் எந்த அதிகாரியையும்விட நன்றாகச் சொல்வார்கள்.

செடியே நஞ்சாவதும் உண்டு. துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் நேபாளத்திலும் ரோடோடென்ட்ரான் பூத்தேனால் நாடி தளர்ந்து மயங்குகிறார்கள். நியூசிலாந்தில் டூட்டூ என்ற செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி விடும் இனிப்புக் கழிவைத் தேனீ எடுத்துவருவதால், அந்நாடு டூட்டின் என்ற நஞ்சுக்குக் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் என்று எல்லை விதித்திருக்கிறது. நம் தோட்டத்து ஓரங்களில் அப்படி மயக்குவது இல்லை. என்றாலும் மலாய்க்காரர்கள் கப்பல் தெர்பாங் என்னும் களையும் கிலுகிலுப்பையும் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு உடையவை. ஒரு கரண்டியில் ஆபத்தில்லை; நாள்தோறும் ஒரே இடத்துத் தேனைச் சாப்பிடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பெட்டித் தேனீ (பாலிங்):

கெலுலுட் வைத்திருக்கும் அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள்: கூட்டைச் சுற்றிக் கொடிரோஜாவையும் துர்னெராவையும் நட்டால் அது தொலைதூரம் போகாது. செம்பனைத் தோட்டங்களில் இலைப்புழுவின் எதிரிப் பூச்சிகளுக்காகச் சாலையோரம் நடுகிற செடிகள்தாம் அவை. கேட்டால் தண்டு கொடுப்பார்கள். மருந்து அடிக்கும் நாளைத் தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே கேட்டு, அன்று கூட்டின் வாயை மாலை வரை வலையால் மூடி வைப்பது என் வழக்கம். கெலுலுட் தேனைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், மூடியை முழுவதும் இறுக்காதீர்கள். வெளியில் இறுக்கி வைத்துப் போத்தல் வெடித்த வீடுகள் எனக்குத் தெரியும்.

சித்தப்பாவின் 21 விழுக்காடு எல்லைக்கு ஒரு விழுக்காடு கூடுதல். அடையில் முக்கால் பங்கு அறைகளுக்குத் தேனீ மெழுகு மூடி போட்ட பிறகு எடுத்தால் அது இறங்கிவிடும். அவசரப்பட்டு எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பால்மரத்து மகள் (பாடாங் செராய்):

மாமனார் தேனை நிறுத்திவிட்டார். போத்தலை நாளை சுகாதார அலுவலகத்தில் கொடுக்கிறோம். இன்று மாலை மாமியாரும் நானும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். மாமியார் மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. உறைந்த தேனை ஒரு கிண்ணத்தில் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே அப்பத்தில் தடவிச் சாப்பிட்டார். சித்தப்பா எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், தாழ்ந்த கிளையொன்றை வளைத்துக் காம்பைக் காட்டினார். இது முற்றிய இலை என்பதால் சுரப்பிகள் காய்ந்து கறுத்துப் புள்ளியாக மட்டும் தெரிந்தன. பிப்ரவரியில் வந்தால் நக்கிப் பார்க்கலாம் என்றார். இனி ஒவ்வொரு போத்தலிலும் எடுத்த நாளும் மரத்தின் பெயரும் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சீட்டு எழுதும் வேலை என்னுடையது.